புதுப் பதிப்பு இருக்கிறது, வெர்னியர் எங்கே?

"ஆள் போனால் போகட்டும், புதுப் பதிப்பு வந்திருக்கிறதே." யாங்கோனின் ஷ்வேப்யிதா தொழிற்பேட்டையின் இரும்புப் பட்டறைகளில் இப்போது இது ஏறக்குறைய வேதவாக்கு. கைதேர்ந்த பொறியாளர்கள் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போய்விட்டார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலானதும் மிச்சமிருந்த இளைஞர்களும் மூட்டை கட்டினார்கள். அந்தக் காலி நாற்காலிகளில் 'ஃபைனைட் எலிமெண்ட்' மென்பொருளின் அடுத்த பதிப்பு உட்கார்ந்துகொள்ளும் என்பது முதலாளிகளின் நம்பிக்கை, விற்கிறவர்களின் வாக்குறுதி, மூன்று மாத வகுப்பு நடத்துகிறவர்களின் பிழைப்பு. தவறான நம்பிக்கை. ஆளைக் கொல்லக்கூடியதும்கூட.

அவர்கள் தரப்பை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் விறைப்பையும் சமன்பாடாக்கி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பதுதான் இந்த முறை. ரே கிளஃப் 1960இல் பெயர் வைத்தார். அப்போதிலிருந்து வெட்டுவதுதான், அதாவது மெஷ் போடுவதுதான், பெரும்பாடு. புதிய பதிப்புகளில் அந்தப் பாடு தீர்ந்துவிட்டது என்கிறார்கள். வரைபடத்தைக் கொடுத்தால் தானே மெஷ் போடும். தகைவு ஏறுகிற இடத்தில் தானே மெஷ்ஷைப் பொடியாக்கும். இரண்டு பாகம் தொடுகிற இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். கிராஃபிக்ஸ் அட்டையில், சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வரை ஓட்டி, ராத்திரி முழுக்க ஓடியதைத் தேநீர் ஆறுவதற்குள் முடிக்கும். பழைய ஓட்டங்களைப் படித்துவைத்துக்கொண்டு, புது வடிவத்துக்குச் சால்வரே இல்லாமல் விடையைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. ஆன்சிஸ் நிறுவனம் 2024 தொடக்கத்தில் இறக்கிய 'சிம்ஏஐ' அந்த வகை. 2025 மார்ச்சில் சீமென்ஸ் சுமார் 10 பில்லியன் டாலருக்கு ஆல்டேரை வாங்கியது, அதே ஆண்டு ஜூலையில் சினாப்சிஸ் சுமார் 35 பில்லியனுக்கு ஆன்சிஸை வாங்கியது. "இவ்வளவு பணம் கொட்டுகிறவன் முட்டாளா?" என்று கேட்கிறார்கள்.

முட்டாள் இல்லை. அந்த வசதிகள் பொய்யும் இல்லை. புதுப் பதிப்பில் பழைய பிழைகள் திருத்தப்படுகின்றன, நானும் தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். என் சண்டை வேறு. இந்த வசதிகள் ஒரு மனிதன் எடுக்கவேண்டிய முடிவுகளைக் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவைக்கின்றன. தள்ளிவைத்ததைத் தீர்த்துவைத்ததாக நாம் எடுத்துக்கொண்டோம்.

1. "தானியங்கி மெஷ் தவறைக் கண்டுபிடிக்கும்" என்பவர்களுக்கு

எங்கே கண்டுபிடித்தது, காட்டுங்கள். நான் ஒன்று காட்டுகிறேன்.

பட்டறை ஒன்றில் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிரேன் தாங்கி. 16 மில்லிமீட்டர் தட்டு இரண்டு, உயரம் 250 மில்லிமீட்டர். தூணின் முகத்திலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி 50 கிலோநியூட்டன், நம் பேச்சில் ஐந்து டன். தம்பி ஒருவன் அதைப் புதுப் பதிப்பில் ஓட்டிவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, பழசுல பச்சையா இருந்துச்சு. புதுசு தப்பைக் கண்டுபிடிச்சிருச்சு. செவசெவன்னு இருக்கு பாருங்க." 16ஐ 25 ஆக்கச் சொல்லி முதலாளியிடமும் சொல்லிவிட்டானாம்.

பார்த்தேன். 10 மில்லிமீட்டர் மெஷ்ஷில் 96 மெகாபாஸ்கல். புதுப் பதிப்பு மூலையில் தானாகவே மெஷ்ஷைப் பாதியாக்கியது, 132. மறுபடி பாதி, 180. மறுபடி, 247. இன்னொரு தடவை, 339. இரும்பின் விளைவுத் தகைவு 250. ஆக, சிவப்பு.

அந்த எண்களை ஒன்றையொன்று வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சுமார் 1.37 மடங்கு. இது தாங்கியின் குணம் இல்லை, 90 பாகை உள்மூலையின் குணம். கூரான உள்மூலையில் நெகிழ்ச்சிக் கோட்பாட்டின்படி தகைவுக்கு உச்சவரம்பே கிடையாது; எம்.எல். வில்லியம்ஸ் 1952இலேயே கணக்குப் போட்டுக் காட்டியது. மெஷ்ஷைப் பாதியாக்கும்தோறும் 37 சதவீதம் ஏறும், நிறுத்தாவிட்டால் ஏறிக்கொண்டே போகும். தட்டை 25 ஆக்கினாலும் இன்னும் இரண்டு சுற்று பொடியாக்கினால் அதே சிவப்பு திரும்பி வரும். மென்பொருள் கண்டுபிடித்தது தவறை இல்லை. வெல்டிங் பூச்சு இல்லாமல் வரைபடத்தில் மட்டும் இருக்கிற ஒரு கூர்முனையை.

கையால் போடுங்கள். திருப்புமை 15 கிலோநியூட்டன் மீட்டர். இரண்டு தட்டின் வெட்டுமுக மதிப்பு 3,33,333 கன மில்லிமீட்டர். வகுத்தால் 45 மெகாபாஸ்கல். ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் போதும். பழைய பதிப்பு சொன்ன 96ம் அர்த்தமுள்ள எண் இல்லை, புதுப் பதிப்பின் 339ம் இல்லை. பழையது பச்சையாக நின்றது தற்செயல்.

கிரேன் தாங்கியாயிற்றே, சுமை லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்குமே, வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடாதா என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். நியாயமான கேள்வி, மூலையைப் பார்க்கவேண்டியதுதான். அதற்கென்று முறை இருக்கிறது: வெல்டிங் ஓரத்திலிருந்து தட்டுத் தடிமனின் 0.4 மடங்கிலும் ஒரு மடங்கிலும், அதாவது 6.4 மில்லிமீட்டரிலும் 16 மில்லிமீட்டரிலும் தகைவை எடுத்து, அந்தக் கோட்டை ஓரம்வரை நீட்டிப் படிக்க வேண்டும். மூலையில் எரிகிற சிவப்பை அந்த முறை வேண்டுமென்றே தொடுவதில்லை. எந்தச் சிவப்பை நம்புவது, எதைத் தள்ளுவது என்பது பொத்தானுக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கம் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே சிவப்பு வராது. தானியங்கி மெஷ் மெல்லிய தகட்டையும் நான்முகித் துண்டுகளாக நறுக்கும். நான்கு கணு உள்ள நான்முகி வளையத் தெரியாத துண்டு. உள்ளே தகைவு மாறவே மாறாது. ஒரு மீட்டர் நீளம், 50 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பட்டையை ஒரு முனையில் கெட்டியாகப் பிடித்து மறுமுனையில் ஒரு கிலோ தொங்கவிட்டால் நான்கு மில்லிமீட்டர் தாழும். தடிமனில் ஒரே அடுக்கு நான்முகி போட்டு ஓட்டுங்கள், அதில் பாதிகூடத் தாழாது. விறைப்பாக, அழகாக, பச்சையாக நிற்கும். துண்டுகள் இப்படிப் 'பூட்டிக்கொள்வதை' ஆராய்வதில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கங்கன் பிரதாப் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நம் வகுப்புகளில் அவர் பெயர்கூட அடிபடுவதில்லை. 'ஆட்டோ மெஷ்' பொத்தான் எந்த மூலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லித்தருகிறார்கள்.

2. "அதெல்லாம் பழைய பதிப்புக் காலத்துக் கதை"

ஸ்லைப்னர் பேரைச் சொன்னாலே இந்தப் பதில் வரும். சரி, அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1991 ஆகஸ்ட் 23. நார்வேயில் ஸ்டவாஞ்சருக்குப் பக்கத்தில் கான்ஸ் ஃபியோர்டு. 'ஸ்லைப்னர் ஏ' எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடிப்பகுதியைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அறைகள் கூடும் முக்கோணச் சந்து ஒன்றின் சுவர் வெடித்தது. மொத்தமும் 220 மீட்டர் ஆழத்தில் கற்குவியலாயிற்று. தரையில் மோதியது ரிக்டர் அளவில் 3.0 என்று பதிவானது. நஷ்டம் சுமார் 700 மில்லியன் டாலர். உயிர்ச்சேதம் இல்லை, தப்பியது அதிர்ஷ்டம்.

காரணம், நாஸ்ட்ரான் மென்பொருளில் அந்தச் சந்துக்குப் போட்ட முரட்டு மெஷ், கோணலான துண்டுகள். வெட்டுத் தகைவை 47 சதவீதம் குறைத்துச் சொன்னது. பிறகு நுணுக்கமாக ஓட்டிப் பார்த்தபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்.

"பார்த்தீர்களா, இன்றைய மெஷ் இருந்திருந்தால் பிடித்திருக்கும்" என்பார்கள். பிடித்திருக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததை இவர்கள் சொல்வதில்லை. புது மேடைக்கு அவசரம். கணினி ஓட்டத்துக்காகக் காத்திராமல், ஸ்லைடு ரூல் காலத்துக் கைக்கணக்கிலேயே வடிவமைப்பது என்று முடிவெடுத்தார்கள். புதிய நாஸ்ட்ரான் விடைகள் கைக்கு வந்தபோது வடிவமைப்பு முடிந்துவிட்டிருந்தது. 1993இல் அந்த மேடை கடலில் நின்றது. ஸ்லைப்னரில் இல்லாமல் போனது புதுப் பதிப்பா, அந்தச் சுவருக்கு ஒரு பக்கக் கைக்கணக்கா?

3. "விடை நான்கு தசமத்துக்குத் துல்லியம்"

எதன் விடை? பத்து மில்லிமீட்டர் என்று ரசீது போட்டு வந்த தட்டை வெர்னியரில் பிடித்துப் பாருங்கள். நான் பிடித்தேன். 9.2. அடுத்த தட்டிலும் 9.2. வளைவுக்கு விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது, 0.92ஐ மூன்று தடவை பெருக்கினால் 0.78. அதாவது 22 சதவீத விறைப்பு லாரியிலேயே காணாமல் போய்விட்டது. இங்கே பையன்கள் மெஷ்ஷை நுணுக்கி இரண்டு சதவீதப் பிழையைக் குறைக்க ஒரு மதியத்தைச் செலவழிக்கிறார்கள். கிராஃபிக்ஸ் அட்டை சால்வரை வைத்து அந்த மதியத்தைப் பத்து நிமிடமாக்கினால் என்ன லாபம்? தவறான தட்டுக்குச் சீக்கிரம் விடை கிடைக்கும். அதுவும் கரண்ட் இருந்தால். பாதி ஓட்டத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கணினி அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிற ஊர் இது.

தட்டை விடுங்கள், மண்ணுக்கு வருவோம். விதிமுறை சரிபார்ப்பு என்றொரு வசதி, பெருமையாகப் பேசப்படுவது. நிலநடுக்கச் சுமையைத் தானே போட்டு, அறிக்கையைத் தானே அச்சடிக்கும். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு அமெரிக்க விதிகளைத் தழுவியது. அந்த விதிகளில் மண் தரம் தெரியாவிட்டால் 'டி' என்று வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. மோசமான மண் இருக்கக்கூடும் என்றால் அது செல்லாது. மென்பொருளின் பட்டியலில் 'டி' தானாக நிற்கிறது, யாரும் மாற்றுவதில்லை. ஷ்வேப்யிதாவுக்கு மேற்கே ஹ்லைங் ஆறு. ஆற்றோர வண்டல் மண்ணில் துளை போட்டுப் பார்க்காமல் 'டி' என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்? நில ஆய்வுக்குச் செலவழிக்க மனம் வராத முதலாளி புதுப் பதிப்புக்குச் செலவழிக்கிறார்.

சகாயிங் பிளவு ஏட்டுச் சங்கதி இல்லை. 1930 மே 5 அன்று பகோவில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், ரங்கூனிலும் செத்தார்கள், ஷ்வேமாடோ பகோடா சரிந்தது. 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் அதே பிளவு வடக்கே கிழிந்தது. 1934இல் வெள்ளைக்காரன் கட்டிய ஆவா பாலம் ஐராவதியில் விழுந்தது. சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, பாங்காக்கின் களிமண்மேல் கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்று உட்கார்ந்துவிட்டது. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் குறை என்றது தாய்லாந்து அரசின் விசாரணை. அவ்வளவு தூரத்தில் இருந்த கட்டடத்துக்கு எமனானதில் அடியில் இருந்த மண்ணுக்கும் பங்கு உண்டு.

4. "தொடும் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது"

கண்டுபிடித்து என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஒட்டிவிடுகிறது. ஆன்சிஸ் வொர்க்பெஞ்சில் நாம் மாற்றாவிட்டால் தொடுகிற முகங்கள் பசை போட்டு ஒட்டியதாகத்தான் கணக்கு. போல்ட் போட்ட இணைப்பில் துளைக்கு இடைவெளி உண்டு, தட்டு நழுவும், லேசாகத் திறக்கும். மாதிரியில் அது ஒரே உருக்குக் கட்டியாகிறது. விறைப்பு கூடும், தாழ்வு குறையும், அறிக்கை பச்சை.

இணைப்பை மாதிரியில் ஒரு விதமாகவும் தளத்தில் வேறு விதமாகவும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு அரங்கக் கூரை இருக்கிறது. கணினியை நம்பி வடிவமைத்து, அதனால் இவ்வளவு மிச்சம் என்று பெருமைப்பட்ட கூரை. மேல் கம்பிகள் எல்லாம் பக்கவாட்டில் தாங்கப்பட்டிருப்பதாக மாதிரி எடுத்துக்கொண்டது. ஓரக் கம்பிகளுக்கு அந்தத் தாங்கல் சரியாக இல்லை. 1978 ஜனவரி 18 விடியற்காலையில், பனிச் சுமையில் முழுக் கூரையும் விழுந்தது. சில மணி நேரம் முன்பு கூடைப்பந்து பார்க்க சுமார் 5,000 பேர் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

நம் கொட்டகைகளும் கூரைதான். பனி இல்லை, காற்று உண்டு. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் யாங்கோன் வழியாகப் போன மறுநாள் தகரங்கள் கிடந்த கோலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தகரம் பறந்தது கம்பியின் நடுவில் தகைவு ஏறியதாலா, ஓரத்து ஊக்கு பிடுங்கிக்கொண்டதாலா? ஒட்டிய மாதிரியில் ஊக்கே கிடையாது.

5. "செயற்கை நுண்ணறிவுக்கு அனுபவம் இருக்கிறது"

யாருடைய அனுபவம்? பழைய ஓட்டங்களைப் படித்து விடை சொல்வது, பார்த்த வடிவங்களுக்கு நடுவே ஊகிக்கிற வித்தை. ஒரே கார்க் கதவை ஆயிரம் விதமாக மாற்றி ஓட்டுகிற தொழிற்சாலைக்கு அது வரம், அதை மறுக்க மாட்டேன். நம் பட்டறையில் ஒரு வேலை போல இன்னொரு வேலை வருவதில்லை. இன்று அரிசி ஆலைத் தொட்டி, நாளை ஜெனரேட்டர் மேடை, மறுநாள் யாரோ கழற்றிக் கொண்டுவந்த பழைய கிரேன். படிக்கக் கொடுக்க ஆயிரம் ஓட்டம் எங்கே? கொடுத்தாலும் மேலே சொன்ன ஒட்டுப்பசையையும் நான்முகியையும்தான் படிக்கும். அறியாத வடிவத்தைக் காட்டினால் அதற்கும் கூச்சமில்லாமல் ஒரு வண்ணப்படம் தரும்.

6. "ஆளே இல்லையே, வேறென்ன செய்ய?"

இதுதான் உண்மையான வாதம், மற்றதெல்லாம் இதற்குப் போட்ட மேல்சட்டை. ஆள் இல்லை என்பது உண்மை. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் எந்தக் கருவி வேண்டும்? தவறினால் தவறியது தெரிகிற கருவி. கைக்கணக்கில் தப்புப் போட்டால் அடுத்தவன் தாளைப் பார்த்துக் கண்டுபிடிப்பான். புதுப் பதிப்பின் முடிவை அடுத்தவன் எப்படிச் சரிபார்ப்பான்? எத்தனையோ இயல்புநிலைத் தேர்வுகள் திரைக்குப் பின்னே கிடக்கின்றன. பதிப்புக்குப் பதிப்பு அவை மாறுகின்றன. புதியதில் சேமித்த கோப்பைப் பழையது பெரும்பாலும் திறக்காது. எண்பது பத்தி அட்டையில் துளையிட்ட காலத்தில் வகுத்த நாஸ்ட்ரான் உள்ளீட்டு வடிவத்தை இன்றைக்கும் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து கண்ணால் படிக்கலாம். நிலநடுக்கத்துக்குப் பிறகு பத்து வருடத்துக்கு முந்தைய கொட்டகையைத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டி வந்தால் எது கைகொடுக்கும்? கிராக் போட்ட பதிப்பில் ஓட்டுகிறவர்கள் நிலைமை இன்னும் பரிதாபம். இந்தப் பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பேடுகூட அவர்கள் கண்ணில் படுவதில்லை.

ஆகவே பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பதிப்பு என்று கேட்பதை நிறுத்துங்கள். வண்ணப்படத்தோடு ஒரு தாள் கைக்கணக்கு கேளுங்கள், கீழே கையெழுத்தோடு. தட்டின் அளவை வெர்னியரில் எடுத்து எழுதச் சொல்லுங்கள். இணைப்பு எங்கே ஒட்டியது, எங்கே நழுவுவது என்று படத்தில் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். இதற்கு வெளிநாடு போன அண்ணன்கள் திரும்பி வரவேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கும் கொஞ்சம் பொறுமையும் உள்ள பையனுக்கு ஒரு மழைக்காலத்தில் சொல்லித்தரலாம்.

பையன்களுக்கும் ஒன்று. புதுப் பதிப்பு நிறுவியதும் உங்கள் வேலையைத் திறக்காதீர்கள். 1983இல் பிரிட்டனில் தொடங்கிய நாஃபெம்ஸ் அமைப்பு சோதனைக் கணக்குகளை வெளியிட்டிருக்கிறது. அதில் 'எல்.ஈ.1' என்ற நீள்வட்டத் தகட்டை முதலில் ஓட்டுங்கள். 'டி' புள்ளியில் 92.7 மெகாபாஸ்கல் வர வேண்டும். தானியங்கி மெஷ்ஷில் ஒரு தடவை, நீங்களே போட்ட மெஷ்ஷில் ஒரு தடவை. இரண்டு எண்களையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அந்தக் கிரேன் தாங்கியைச் செய்தோம். 16 மில்லிமீட்டர் தட்டுதான். வெர்னியரில் 15.7 இருந்தது, அதற்கும் கணக்குப் போட்டுத்தான் வெல்டிங் வைத்தோம்.